ஈர்க்குச்சியின் மறுமுனை

மூன்று ராஜாக்களில் நடுவில் நிற்பவருக்கு முகம் இல்லாமல் போயிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் நான்கு ஞாயிறு இருந்தது. காலைப் பூசையிலிருந்து வந்த கையோடு, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், பவுல்சாமி கார் ஷெட்டைத் திறந்து குடில் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வைக்கோல் மூட்டை, தெர்மகோல் மலை, சீரியல் லைட் சுருள், போன வருடமே கொம்பு உடைந்த மாடு. எல்லாம் இருந்தபடி இருந்தன. கடைசியாக மூலையிலிருந்த மரப்பெட்டியின் மூடியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெட்டிக்குள் வைக்கோல் மெத்தையில், குழந்தை இயேசுவைக் காண வரும் மூன்று ராஜாக்களும், பாரிஸ் சாந்துப் பொம்மைகளாக, மல்லாந்து படுத்திருந்தார்கள். கஸ்பாருக்கும் பல்தசாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடுவிலிருந்த மெல்கியோர் மீதுதான் மூடியின் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்திருக்கிறது. நெற்றியிலிருந்து தாடி வரை மாவாகக் கரைந்து, கிரீடத்துக்குக் கீழே வழவழவென்று ஒரு வெள்ளைப் பள்ளம்.

"முகமே இல்ல" என்றார் பவுல்சாமி.

காபி டம்ளருடன் வாசலில் நின்ற மனைவி டெல்பினிடம் சொன்னாரா, ராஜாவிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. அவள் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில், சுவரோரமாக, ஒரு முழ நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அதன் வழியாக வானம் ஒரு நூலாகத் தெரிந்தது. அந்த விரிசல் எப்படி வந்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது தான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாந்தோமில் கடலைப் பார்த்து இறங்கும் அந்தச் சந்தில் இருபத்திரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லோருக்கும் சேர்த்துத் தெருமுனையில் ஒரே குடில். இருபத்தாறு வருடமாக அதற்குப் பொறுப்பு பவுல்சாமி. அவருடைய அப்பா ஒரு பழைய பியட் காருக்காகக் கட்டிய ஷெட் அது. கார் போய், ஸ்கூட்டர் வந்து, ஸ்கூட்டரும் போன பிறகு ஷெட் முழுக்கக் குடிலுக்கென்றே ஆகிவிட்டது. கூரை மட்டும் அப்பா காலத்தது. உப்புக் காற்றில், ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகள் துருப்பிடிக்கும். காக்கைகள் எலும்பையும் தேங்காய்ச் சிரட்டையையும் கொண்டுவந்து போடும். வருடத்துக்கு ஐந்தாறு ஓட்டைகள் புதிதாக வந்துவிடும்.

அதற்கு ஒரு நாள் வைத்திருந்தார்கள். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாள் திருநாள் முடிந்து வரும் முதல் சனிக்கிழமை. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும், வெயில் பளிச்சென்று அடிக்கும். பவுல்சாமி ஏணி வைத்து மேலே ஏறி, ஷீட் உடையாமலிருக்கக் குறுக்கே பலகை போட்டு, அதில் குந்தி உட்காருவார். டெல்பின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு கூரையில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிச்சப் பொட்டுகள் தெரியத் தொடங்கும். அவள் முக்காலியில் ஏறி, புதுத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி ஒன்றை அந்தப் பொட்டுக்குள் நுழைத்து மேலே தள்ளுவாள். மேலே இருப்பவருக்கு எங்கே குச்சி எட்டிப் பார்க்கிறதோ அங்கே ஓட்டை. அவர் அதைப் பிடித்து உருவிக்கொண்டு, அந்த இடத்தில் எம்-சீல் வைத்துப் பூசுவார்.

அந்த உருவல் இருக்கிறதே! விரல் நுனியில் பிடித்திருக்கும் குச்சி, ஒரு நொடி தயங்கி, பிறகு மெதுவாக நழுவிப் போகும். மறுமுனையில் அவர் இருக்கிறார். கை தெரியாது, முகம் தெரியாது. ஆனால் அந்த ஒரு நொடி இருவரும் ஒரே குச்சியைப் பிடித்திருப்பார்கள். முதல் வருடங்களில் டெல்பின் வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். "விடுடி, உடையப் போவுது" என்று மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

சிரிப்பு எந்த வருடம் நின்றது என்று அவளுக்கு நினைவில்லை. ஆனால் இன்னொன்று நிற்கவில்லை. ஒவ்வொரு ஓட்டையை அடைத்து முடித்ததும் அவர் மேலிருந்து கூப்பிடுவார்.

"டெல்பின்! அடுத்தது."

துறைமுகத்தில் கிரேன் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பதில் சொன்ன பிறகுதான் சங்கிலி அசைய வேண்டும். பெயர் சொல்லாமல் அசைத்தால் ஆள் போய்விடுவான். முப்பத்தைந்து வருடப் பழக்கம். கூரைமேல் ஏறினால் தானாக வந்துவிடும்.

வீட்டுக்குள் அந்த அவசியம் இல்லை. அவள் எப்போதும் கண்ணெதிரில்தான் இருந்தாள். "இந்தா", "சாப்பாடு ஆச்சா", "மோட்டார் போடு", அவ்வளவு போதுமாக இருந்தது. அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் அதற்கு ஒரு சமாதானமும் இருந்திருக்கும். பேச்சு மட்டும் தேய்ந்துபோனது. ரேழி ஓரத்தில் தினம் கால் படுகிற இடத்தில் தரை தேய்வதைப் போல, யாருடைய தவறும் இல்லாமல்.

அறுபத்து மூன்று வயதில் டெல்பின் ஒருநாள் எண்ணிப் பார்த்தாள், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட யார் மிச்சம் என்று. அம்மா இல்லை. அக்கா இரண்டு வருடம் முன்பு போய்விட்டாள். முப்பது வருடம் ஐந்தாம் வகுப்பு எடுத்த பள்ளியில் அவள் வெறும் மிஸ். மகனுக்கு மம்மி. பங்குக் கோயிலில் பவுல்சாமி சார் வீட்டம்மா. வங்கியில் மட்டும் ஒரு பெண் தலையைத் தூக்காமல், "டால்பின் யாருங்க?" என்று கேட்டாள். ஆக, வருடத்தில் ஒரு சனிக்கிழமை, ஐந்து அல்லது ஆறு தடவை. அதுவும் கூரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

கூரையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார். 2019, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, சூரிய கிரகணம். அவள் அடுப்படியில் நேற்றைய கறியைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்குள்ளிருந்து, "டெல்பின்! சீக்கிரம் வா!" என்று குரல். ஏதோ விழுந்துவிட்டதென்று பதறி ஓடினாள். சாத்திய கதவுக்குள் அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கூரையில் எத்தனை ஓட்டையோ அத்தனை பிறைகள் தரையில். வட்டமாக விழ வேண்டிய வெயில் எல்லாம் சின்னச் சின்னப் பிறைகளாக, சாக்குமூட்டை மேல், அவருடைய பனியன் மேல். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்து ஒரு பிறைக்கு நேராக விரித்து, "பிடிச்சுக்கோ" என்றார். உள்ளங்கையில் ஒரு பிறை நடுங்கிக்கொண்டிருந்தது. கறி அடிப்பிடித்துப் போயிற்று. அதைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு பவுல்சாமி எங்கிருந்தோ ஒரு தார் டேப் வாங்கிவந்து ஷீட் இணைப்புகள் முழுக்க ஒட்டினார். அந்த செப்டம்பரில் டெல்பின் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கண் பழகியது. மேலும் பழகியது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. கையில் ஏழு ஈர்க்குச்சிகளுடன் முக்காலியில் நின்றுகொண்டிருந்தாள்.

"எதுனா தெரியுதா?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

"நல்லதாப் போச்சு" என்று இறங்கி வந்துவிட்டார்.

நல்லதுதான். வீட்டில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். டெல்பின் அன்று முழுக்க எதையோ தொலைத்தவள் மாதிரி அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினாள். ஒரு வாரம் கழித்து, அவர் பங்குப் பேரவைக் கூட்டத்துக்குப் போயிருந்த மத்தியானத்தில், தையல் மெஷின் டிராயரிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். முக்காலியில் ஏறி, பழைய எம்-சீல் பூச்சு ஒன்றைக் கீழிருந்து நெம்பித் தள்ளினாள். டொக்கென்று மேலே போய் விழுந்தது. வெளிச்சம் ஒரு வட்டமாக அவள் மணிக்கட்டில் இறங்கியது.

முதல் மழையில் ஒழுகியது. மழை விட்ட இடைவெளியில் அவர் ஏறினார். "டெல்பின்! எங்க இருக்கு?" அன்று ஒரே ஒரு தடவைதான். போதுமாக இருந்தது. அடுத்த இரண்டு வருடமும் மாதா திருநாளுக்கு முன்பே மூன்று மூன்று இடங்களில் நெம்பி வைத்தாள். பூசைக்கு முன்பு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தாள். சாமியார் என்ன பாவம் என்று பெயர் வைப்பார்? விட்டுவிட்டாள்.

இந்த வருடம் ஷீட் பொறுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பட்டதும் பப்படம் உடைவதுபோல் ஒரு சத்தம். ஒரு முழத்துக்கு விரிசல். பரவாயில்லை, சனிக்கிழமை அவர் மேலே ஏறினால் பார்த்துக்கொள்வார், பட்டை வைத்து ஒட்டிவிடுவார் என்று இறங்கினாள். ஆனால் திருநாளன்று சாப்பிட வந்த மகன் டெரிக், அப்பா படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டான்.

"டாடி, நீங்க கூரை ஏறுன கதையெல்லாம் போதும். மம்மி, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நான் சொல்லி கேக்குற ஆளா?" என்றாள் டெல்பின். அவள் சொன்னதே இல்லை.

"இப்படி வாயால சொன்னா ஆவாது" என்று அவன் ஏணியை எடுத்துத் தன் கார் மேல் கட்டிக்கொண்டு சோழிங்கநல்லூருக்குப் போய்விட்டான். பவுல்சாமி கேட் வரை போய், ஏணி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது, போனது. அவர் வராந்தாவில் பேப்பர் படித்தார். அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். விரிசலைப் பற்றிச் சொன்னால் எப்படி வந்ததென்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மழைக்கு முன்பு விரிசலுக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பை மட்டும் வைத்துவிட்டு வந்தாள். ஓட்டை இருக்கும் இடத்தில்தான் தண்ணீர் விழும் என்பதில்லை. ஷீட்டின் அடிப்பக்கமாக ஓடி, கூரையைத் தாங்கும் இரும்பு ஆங்கிளில் வழிந்து, தனக்குப் பிடித்த இடத்தில்தான் சொட்டும். இத்தனை வருடம் பார்த்திருந்தும் அவளுக்கு அது தோன்றவில்லை. நவம்பர் கடைசியில் நான்கு நாள் விடாமல் கொட்டியது. டப் காய்ந்து கிடந்தது. மெல்கியோர் கரைந்துகொண்டிருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு டெரிக் போனில் கத்தினான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பவுல்சாமி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அது ஆஸ்பெஸ்டாஸ் டாடி. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். அதுக்குக் கீழ உக்காந்து நீங்க மாட்டுக்குக் கொம்பு ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. மொத்தத்தையும் எடுத்துட்டு மெட்டல் ஷீட் போட்டுடலாம். நான் ஆள் அனுப்புறேன்."

"சரிப்பா" என்றார் பவுல்சாமி. இவ்வளவு சீக்கிரம் சரியென்பார் என்று டெல்பின் எதிர்பார்க்கவில்லை.

மறுநாளே ஆள் வந்தார். டில்லிபாபு. ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், இடுப்பில் டேப், வாயில் ஓயாத பேச்சு. கேட்டுக்குள் நுழையும்போதே, "இன்னா சார், கடல் காத்துல கூரைய வெச்சிக்கினு இத்தினி நாள் தாங்குச்சே, அதுவே பெர்சு" என்றார். மேலே ஏறி நடந்து பார்த்தார். இறங்கி உள்ளே வந்தார். பவுல்சாமியும் டெல்பினும் பின்னால் போனார்கள். டார்ச்சை விரிசலுக்கு நேராகப் பிடித்து, தலையைச் சாய்த்து, பென்சிலால் ஓரத்தைச் சுரண்டினார்.

"சார், மாங்கா வுயுந்துச்சா, காக்கா எதுனா போட்டுச்சான்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா?"

"ஏன்?"

"மேலேர்ந்து அடி வுயுந்தா சில்லு உள்ள பேத்துக்கினு வரும். இங்க உள்பக்கம் வெறும் குத்து. சில்லு அத்தினியும் மேல கீது. நானு பாத்துட்டுத்தான் வரேன்." டில்லிபாபு டார்ச்சை அணைத்தார். "கீயேர்ந்து எவனோ குத்திக்கிறான் சார். இது மட்டும் இல்ல, அதோ அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஒரே கைவேலை."

டெல்பின் பேச வாய் திறந்தாள். அந்த இருட்டில், முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்து யார் செய்தது, எழுந்து நில் என்று கேட்டவளுக்கு, எழுந்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான்தாம்பா" என்றார் பவுல்சாமி.

"நீங்களா?"

"பழைய எம்-சீல எடுத்துட்டுப் புதுசா வெக்கலாம்னு கீழேருந்து தட்டினேன். கொஞ்சம் ஓங்கிப் பட்டுடுச்சு."

டில்லிபாபு சிரித்தார். "நல்ல ஆளு சார் நீ! ஊர்ல எல்லாரும் ஓட்டைய அடைப்பான், நீ கஸ்டப்பட்டு ஓட்டை போட்டுக்கினு இருந்துகிற. இன்னா மேடம், சார கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் டெல்பின். அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு டில்லிபாபுவுடன் அளவெடுக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் அவள் அதைச் சுமந்துகொண்டு வளையவந்தாள். தெரிந்துதான் சொன்னாரா, இல்லை வெளியாள் முன்பு யாரையும் விசாரிக்கக் கூடாதென்று சொன்னாரா? தெரியுமென்றால் எத்தனை நாளாக? ஒவ்வொரு செப்டம்பரிலும் மேலே குந்தி உட்கார்ந்து, அவள் குத்திய ஓட்டை என்று தெரிந்தே அவள் நீட்டிய குச்சியைப் பிடித்து உருவினாரா? தூக்கத்தில் புரண்டு படுக்கும் அவர் முதுகைப் பார்த்தாள். இத்தனை அருகில் இருக்கும் ஒரு ஆளுக்காக இப்படி ஏங்க முடியுமா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெளியூரில் இருப்பவருக்காக என்றால் கடிதமாவது எழுதலாம்.

மூன்றாம் நாள் மத்தியானம், வராந்தாவில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் மெல்கியோரைப் படுக்கவைத்திருந்தார் பவுல்சாமி. எம்-சீலைக் கையில் பிசைந்து முகம் பண்ணிக்கொண்டிருந்தார். கண்களுக்கு இரண்டு குழி, நடுவில் ஒரு மூக்கு. டெல்பின் அவரைக்காய் முறத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஐந்தாறு காய்க்கு நார் உரித்தாள்.

"அந்த ஓட்டை..." என்றாள்.

"ம்."

"நான்தான்."

மூக்கை அழுத்திக்கொண்டிருந்த விரல் நிற்கவில்லை. "தெரியும்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர ராஜா பெட்டி மேலயே வெச்சிட்டுப் போயிட்ட. நான்தான் கொண்டுவந்து மெஷின் டிராயர்ல போட்டேன்."

அவளுக்கு அது நினைவில்லை. டிராயரில் இருந்ததை எடுத்துத்தான் மறுபடியும் போனாள்.

"அப்புறம் ஏன் கேக்கல?"

அவர் குனிந்து மெல்கியோரின் மூக்கில் ஒட்டியிருந்த தூசியை ஊதினார். "நீ ஏன் குத்தின?"

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். வஞ்சிரம் இல்லை, சங்கரா இருக்கிறதாம். அவள் குரல் அடங்கும் வரை டெல்பின் காத்திருந்தாள்.

"மேலேருந்துதான் நீங்க என் பேரச் சொல்வீங்க."

சொன்ன பிறகு, இதற்கா என்று தனக்கே தோன்றியது. அறுபத்து மூன்று வயதில், பேரப்பிள்ளை எடுத்த பிறகு. முறத்தைப் பார்த்தபடி இருந்தாள். நார் உரித்த காயையே மறுபடி உரித்தாள். எழுந்து போய்விடலாமா என்று அவள் கையை ஊன்றியபோது, அவர் ராஜாவை நிமிர்த்திப் பிடித்தார்.

"மூக்கு கோணலா இருக்கா?"

டெல்பின் பார்த்தாள். "கொஞ்சம். இடது பக்கம்."

அவர் வலது பக்கமாகத் தள்ளினார்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு டில்லிபாபுவும், அமீன் என்ற வெல்டரும், இன்னும் இருவரும் வந்தார்கள். டெரிக் சொல்லி அனுப்பியபடி எல்லோர் முகத்திலும் மாஸ்க். தூசி பறக்காமலிருக்க ஹோஸ் வைத்து ஷீட்டுகளை நனைத்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுசாக இறக்கினார்கள். வீட்டை விட்டு வெளியே வரக் கூடாதென்று உத்தரவு. டெல்பின் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுவரில் சாய்த்துவைத்த ஈர ஷீட்டுகளில் எத்தனை பூச்சுகள்! சாம்பல் நிறத்தில் எம்-சீல் திட்டுகள், கறுப்பாகத் தார். ஒவ்வொரு திட்டும் அவள் பெயரை ஒருமுறை கேட்ட இடம். எண்ண ஆரம்பித்தாள். அதற்குள் தார்ப்பாய் போட்டுச் சுற்றிக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் நீல நிற மெட்டல் ஷீட் ஏறிவிட்டது.

"மேடம், இருவது வருசத்துக்கு ஒரு சொட்டு வராது" என்றார் டில்லிபாபு, ஸ்க்ரூ மிஷினைத் துடைத்துக்கொண்டே. "வந்துச்சின்னா டில்லிபாபுன்ற பேர நானு மாத்திக்கிறேன்."

"உங்க பேரு நல்லாத்தான் இருக்கு. மாத்தாதீங்க" என்றாள் டெல்பின்.

அவர்கள் போன பிறகு மறுநாள் காலை தனியாக ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெயின்ட் வாசனை. கண் பழகட்டும் என்று நின்றாள். வெளியே நல்ல வெயில் என்று கூரையின் சூட்டில் தெரிந்தது. உள்ளே ஒரு பொட்டு இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான இருட்டு. கையை நீட்டி உள்ளங்கையை விரித்தாள். கை இருப்பதே தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. குடிலைப் பார்த்த தெருப்பிள்ளைகள், எங்கே ராஜாக்கள் என்று வழக்கம்போல் கேட்டார்கள். "அவங்க தூர தேசத்துலேருந்து வர்றவங்க. இப்பத்தான் கிளம்பிருக்காங்க" என்று பவுல்சாமியும் வழக்கம்போல் சொன்னார். பிள்ளை பிறந்த அன்றே ராஜாக்கள் குடிலில் வந்து நிற்பது அவருக்குப் பொறுக்காது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின மாலைதான் ஷெட்டிலிருந்து அவர்களை அழைத்துவருவார். அதுவரை அவர்கள் பெட்டிக்குள் பயணம் செய்துகொண்டிருப்பார்கள். மெல்கியோருக்குப் புது முகம், புது வர்ணம். அடையாறு கடையொன்றிலிருந்து பவுல்சாமியே சின்னத் தூரிகை வாங்கி வந்து மீசை வரைந்திருந்தார். ராஜா கொஞ்சம் ஆச்சரியப்பட்டவர் மாதிரி இருந்தார்.

திருநாளுக்கு முந்தின அந்தச் சனிக்கிழமை மாலை நாலரை மணி இருக்கும். டெல்பின் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக, பவுல்சாமி வாசல் படியை ஒவ்வொன்றாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குவது தெரிந்தது. ஷெட் கதவைத் திறந்தார். உள்ளே போனார். பெட்டியைத் தூக்கத் துணைக்குக் கூப்பிட வேண்டுமானால் திறந்த கதவு வழியாகக் கையசைத்தால் போதும். ஜன்னலில் அவள் நிற்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

அவர் கையசைக்கவில்லை. உள்ளிருந்து கதவைச் சாத்தினார்.

எதற்குச் சாத்துகிறார் என்று டெல்பின் நினைத்தாள். அந்த இருட்டில் ஒன்றுமே தெரியாதே. கீல் கிறீச்சிட்டது, தாழ்ப்பாள் தட்டியது. பிறகு தொண்டையைச் செருமும் ஓசை மட்டும், தகரத்தில் பட்டு, யாரோ வேறு ஆள் செருமியது போல் வந்தது.

"டெல்பின்!"

கிரேன் மேலிருந்து கூப்பிடுபவரின் குரல் இல்லை. அதைவிடச் சின்னதாக, எப்படிச் சொல்வதென்று சரியாகத் தெரியாதவர் சொல்வதைப் போல் இருந்தது. அதன் பின்னால் "அடுத்தது" என்று எதுவும் வரவில்லை. பெயர் மட்டும்.

கையில் சோப்பு நுரையுடன் அவள் அப்படியே நின்றாள். பதில் தொண்டை வரை வந்தது. பதில் வந்த பிறகுதான் சங்கிலி அசையும். வராவிட்டால் மேலே இருப்பவர் இன்னொரு தடவை கூப்பிட்டாக வேண்டும். அதுதான் விதி.

டெல்பின் சத்தம் வராமல் குழாயை மூடினாள்.